லயத்தின் கெட்ட பெயரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும்

"பிள்ளைகள் வருகிற இடம் அப்படி மிஸ், நாங்கள் என்ன செய்ய?"

பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளுக்குப் போகும்போது ஆசிரியர் அறையில் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. சொல்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். விடியற்காலையில் எழுந்து, டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி, கடைசி இரண்டு மைலை நடந்தோ முச்சக்கரவண்டியிலோ கடந்து வந்து சேர்கிறவர்கள். கண்ணால் கண்டதைத்தான் அவர்கள் சொல்கிறார்கள். லயத்தில் கசிப்பு விற்கிறது. சம்பள நாள் இரவு சண்டை நடக்கிறது. மறுநாள் பிள்ளை தூங்காத கண்ணோடு வந்து பின்வாங்கில் சாய்கிறது. அண்மைக் காலமாக டவுனிலிருந்து வேறு போதைப்பொருட்களும் தோட்டத்துப் பாதையில் ஏறி வரத் தொடங்கியிருக்கின்றன. இதையெல்லாம் மறைத்துப் பேசுவதால் யாருக்கும் நன்மை இல்லை.

ஆனால் அந்தப் பேச்சில் ஒரு தாவல் இருக்கிறது. 'இடம் அப்படி' என்று ஆரம்பித்து, 'பிள்ளை அப்படி' என்று முடிந்துவிடுகிறது. இம்மாதம் அந்தத் தாவலைப் பற்றித்தான் சகோதரிகளோடு பேச நினைக்கிறேன்.

பாடசாலைச் சூழல் என்று கல்வித் துறையினர் சொல்வது கட்டடத்தையோ பூந்தோட்டத்தையோ மட்டுமல்ல. வாசலில் கால் வைக்கும்போது பிள்ளைக்குப் பயம் வருகிறதா, நிம்மதி வருகிறதா? ஆசிரியர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாரா, லயத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாரா? அடிபட்ட பிள்ளைக்கு அதைச் சொல்ல ஓர் ஆள் அங்கே இருக்கிறாரா? இவையெல்லாம் சேர்ந்ததுதான் பாடசாலைச் சூழல். ஒரு வீட்டுக்குள் நுழைந்தவுடனேயே அங்கே சண்டை நடந்திருக்கிறதா, சமாதானமாக இருக்கிறார்களா என்று நமக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா? பாடசாலையும் அப்படித்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் ஐந்தாம் வகுப்பில் ஒரு கொம்பாசுப் பெட்டி காணாமல் போனது. உடனே தேடப்பட்ட பைகள் நான்கு. நான்கும் பணிய லயத்துப் பிள்ளைகளுடையவை. அந்த லயத்தில் கசிப்பு விற்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆகவே களவும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது ஆசிரியையின் கணக்கு. பெட்டி இரண்டு நாள் கழித்து அதன் சொந்தக்காரியின் வீட்டிலேயே, கட்டிலுக்குக் கீழே கிடைத்தது. யாரும் அந்த நான்கு பேரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நால்வரில் ஒருவன் இரண்டு வாரம் பள்ளிக்கூடப் பக்கமே வரவில்லை. நான் போய்க் கேட்டபோது தாய் சொன்னாள்: "அவென் களவெடுக்கல மிஸ். ஆனா எல்லாரும் பார்த்த பார்வ இருக்கே, அது அவனுக்குப் போதுமா இருந்திச்சி." வரவுப் பதிவேட்டில் அந்த இரண்டு வாரத்துக்கும் காரணம் 'பெற்றோரின் அக்கறையின்மை' என்று எழுதப்பட்டிருந்தது.

சமூகவியல் படித்த காலத்தில் என் மனதில் ஆழமாகப் பதிந்த ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தைப் பற்றி கிளிஃபர்ட் ஷோ, ஹென்றி மெக்கே என்ற இருவர் செய்தது. 1942இல் நூலாக வெளிவந்தது. பல பத்தாண்டு காலப் பதிவுகளை எடுத்து, குற்றம் செய்து நீதிமன்றத்துக்கு வந்த சிறுவர்களின் வீடுகளை நகர வரைபடத்தில் அவர்கள் குறித்துப் பார்த்தார்கள். தொழிற்சாலைகளுக்குப் பக்கத்திலிருந்த சில வறிய பகுதிகளில் எப்போதும் குற்றம் கூடுதலாகவே இருந்தது. ஆனால் அந்தப் பகுதிகளில் வாழ்ந்த மக்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு காலத்தில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும். அவர்கள் வசதி வந்து வேறிடம் போனபின் போலந்துக்காரரும் இத்தாலியரும். ஆட்கள் மாறியும் இடத்தின் கணக்கு மாறவில்லை. இடம் மாறிப் போனவர்களின் பிள்ளைகளோ திருந்திய பிள்ளைகளாகக் கணக்கில் தெரிந்தார்கள். அப்படியானால் கோளாறு எந்த இனத்தின் இரத்தத்திலும் இல்லை, எந்தப் பிள்ளையின் பிறப்பிலும் இல்லை. வாடகை, வேலை, நெரிசல், கவனிப்பார் இல்லாமை என்று இடத்தோடு ஒட்டிய காரணங்களில் இருக்கிறது.

நமது லயம் சிக்காகோ அல்ல. அங்கே பக்கத்து வீட்டுக்காரரைத் தெரியாது. இங்கே பக்கத்துக் காம்பராவில் இருமினால் நமக்குக் கேட்கும். ஆனாலும் அதே கேள்வியை இங்கேயும் கேட்கலாம். இந்த இடத்தில் என்ன இருக்கிறது?

முதலில் நேரத்தைப் பாருங்கள். பாடசாலை பகல் ஒன்றரை மணிக்கு விடுகிறது. கொழுந்து எடுக்கும் தாய் கடைசி நிறுவை முடித்து லயத்துக்கு வர ஐந்து மணியாகிறது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பிள்ளைக்காம்பரா உண்டு. ஆறு வயது ஆனவுடன் அந்தப் பிள்ளைக்கு ஒன்றரைக்கும் ஐந்துக்கும் இடையில் போக இடமில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய் என்றால் எப்படிச் செய்யும்? வெளியே வருகிறது. வெளியே அந்த நேரத்தில் சும்மா இருக்கிற பெரியவர்கள் யார் யார் என்பது லயத்தில் வாழும் சகோதரிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கசிப்புப் போத்தலை ஒரு காம்பராவிலிருந்து இன்னொரு காம்பராவுக்குக் கொண்டுபோக ஒரு சிறுவனின் புத்தகப் பையைவிட வசதியான சாமான் கிடையாது. அதற்கு இருபது ரூபாவோ ஐம்பது ரூபாவோ கிடைக்கும். அந்தப் பை மறுநாள் காலை வகுப்புக்கு வருகிறது.

அடுத்தது கடன். இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. கசிப்பு விற்பவரை ஏன் லயத்து மக்கள் காட்டிக்கொடுப்பதில்லை என்று பொலிஸாரும் அதிபர்மாரும் கோபப்படுகிறார்கள். 'இவர்களும் கூட்டுத்தான்' என்கிறார்கள். நான் பல லயங்களில் உட்கார்ந்து கேட்டதில் தெரிந்துகொண்டது வேறு. அந்த விற்பனைக்காரர் சாராயத்தை மட்டும் கடனுக்குக் கொடுப்பதில்லை. பிள்ளைக்குச் சப்பாத்து வாங்க, மரணச் செலவுக்கு, ஆஸ்பத்திரிக்கு வாகனம் பிடிக்க, மாதக் கடைசியில் கைமாற்று கொடுப்பவரும் அவரே. பத்தாம் திகதி சம்பளம் வந்ததும் முதலில் அவருக்குப் போகிறது. எனக்கு ஒரு தாய் சொன்னாள்: "அவரப் புடிச்சிக் குடுத்தா, அடுத்த மாசம் எம்புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா நான் யாருட்ட போவேன் மிஸ்?" இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

1997இல் ரொபர்ட் சம்சன் என்ற சமூகவியலாளரும் அவரது சகாக்களும் அதே சிக்காகோவில் 343 சுற்றுப்புறங்களை ஆராய்ந்தார்கள். வறுமை ஒரே அளவான இரு இடங்களில் ஒன்றில் வன்முறை கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும் இருப்பது ஏன் என்பது அவர்களது கேள்வி. அடுத்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் தெருவில் திரிந்தால், 'ஏன் நிற்கிறாய்?' என்று கேட்பீர்களா என்று மக்களிடம் கேட்டார்கள். ஒருவரையொருவர் நம்பி, இப்படிக் கேட்கத் துணிந்த இடங்களில் வன்முறை குறைவாக இருந்தது. நமது லயங்களில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஆனால் கேட்கிற துணிவைக் கடன் அமுக்கி வைத்திருக்கிறது. மீறிக் கேட்டவள் பொலிஸுக்குப் போனால் அங்கே முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகள் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை என்பதை இந்த இடத்தில் நினைவூட்டுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். குற்றம் என்றவுடன் நம் கண் லயத்தின் பக்கமே போகிறது. இந்த மாவட்டத்தில் நடந்த மிகப் பெரிய குற்றங்கள் லயத்தில் நடந்தவையா? 1983 ஜூலை 27இல் பதுளை டவுனில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. 2000 ஒக்டோபர் 25இல் பண்டாரவளைக்கு அருகில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசாங்கத்தின் காவலில் இருந்த தமிழ் இளைஞர்கள் குறைந்தது 27 பேரைச் சுற்றுப்புறத்திலிருந்து திரண்டு வந்த கும்பல் கொன்றது. காவலுக்கு நின்ற பொலிஸார் தடுக்கவில்லை. தண்டனை பெற்றவர்களும் 2005இல் உயர் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார்கள். அந்த ஊர்களை யாரும் 'குற்றவாளிகள் வாழும் இடம்' என்று சொல்லி அங்குள்ள பாடசாலைப் பிள்ளைகளின் பைகளைத் தேடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. தேடவும் கூடாது. பெரியவர்கள் செய்ததற்குப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அதே நியாயத்தைத்தான் பணிய லயத்துப் பிள்ளைக்கும் கேட்கிறேன்.

வெளியிலிருந்து பாடசாலைக்குள் வருகிற வன்முறை எப்போதும் லயத்து வழியாக வருவதுமில்லை. 2018 ஜனவரியில் பதுளையில் தமிழ்ப் பெண்கள் பாடசாலை ஒன்றின் அதிபரை, ஒரு பிள்ளையின் அனுமதி விடயமாக, அன்றைய ஊவா முதலமைச்சர் தமது வாசஸ்தலத்துக்கு அழைத்து முழங்காலிட வைத்தார் என்று எழுந்த குற்றச்சாட்டு நாடு முழுவதும் பேசப்பட்டது. அவர் வகித்த மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து தற்காலிகமாக விலகவும் நேர்ந்தது. ஒழுக்கம், மரியாதை என்று காலைக் கூட்டத்தில் பேசக் கேட்ட மாணவிகள் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு என்ன நினைத்திருப்பார்கள்!

சரி, லயத்தை இன்றே மாற்ற முடியாது. சம்பளமும் வீடும் காணியும் பெரிய போராட்டங்கள். அதுவரை பாடசாலை கைகட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? இதற்கு லண்டன் நகரத்தில் ஒரு பதில் கிடைத்தது. மெய்க்கல் ரட்டர் என்ற மனநல மருத்துவரும் அவரது குழுவினரும் லண்டனின் வசதி குறைந்த பகுதிகளில் 12 இடைநிலைப் பாடசாலைகளை ஆராய்ந்து 1979இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். அதன் பெயரே 'பதினைந்தாயிரம் மணித்தியாலங்கள்'; ஐந்து வயது முதல் ஒரு பிள்ளை பாடசாலையில் கழிக்கும் நேரம் அது. ஒரே மாதிரியான வீடுகளிலிருந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட பாடசாலைகளுக்கிடையில்கூட வரவிலும் நடத்தையிலும் பரீட்சையிலும் பெரிய வித்தியாசம் இருந்தது. சில பாடசாலைகளில் பொலிஸில் மாட்டிய பிள்ளைகளும் குறைவு. வித்தியாசத்துக்குக் காரணம் கட்டடத்தின் பழமையோ பாடசாலையின் அளவோ அல்ல. பாராட்டு கிடைத்ததா, பிள்ளைகளுக்குப் பொறுப்புக் கொடுத்தார்களா, ஆசிரியர்கள் நேரத்துக்குப் பாடத்தைத் தொடங்கினார்களா என்பன போன்ற அன்றாட விடயங்கள்தாம்.

இதை நான் ஒரே தோட்டப் பகுதியில் கண்டிருக்கிறேன். இரண்டு பாடசாலைகள், இரண்டுக்கும் பிள்ளைகள் ஒரே மாதிரியான லயங்களிலிருந்துதான் வருகிறார்கள். ஒன்றில் ஏழரை மணிக்கு வாயில் பூட்டப்படும். பிந்தி வந்தவர்கள் வெளியே. ஒழுக்கமான பாடசாலை என்று பெயர். வெளியே நின்ற பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று நான் ஒரு வாரம் கவனித்தேன். வீட்டில் ஆள் இல்லை. ஆகவே வீட்டுக்குப் போகவில்லை. சந்தியில் முச்சக்கரவண்டி நிற்கிற இடத்துக்குப் போனார்கள். பாடசாலை எந்தச் சகவாசத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமோ, அதன் மடியிலேயே தினமும் காலையில் அனுப்பிக்கொண்டிருந்தது.

மற்றப் பாடசாலையில் பிந்தி வந்த பிள்ளையும் உள்ளே வரலாம். ஆனால் ஏன் பிந்தியது என்று ஒரு கொப்பியில் எழுதுவார்கள். ஒரு மாதம் எழுதியபின் அதிபர் அதைப் புரட்டிப் பார்த்தார். பிந்தியவர்களில் அநேகர் தம்பி தங்கையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வரும் பெண் பிள்ளைகள். அது திறக்கிற நேரமும் பாடசாலை தொடங்குகிற நேரமும் ஒத்துப்போகவில்லை. தோட்ட நலன்புரி அலுவலரோடு பேசி இருபது நிமிடம் முன்னதாகத் திறக்க வைத்தார்கள். அதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அந்தச் சேர் பெரிய பேச்சாளர் அல்ல. கூட்டத்தில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசமாட்டார். பிள்ளைகள் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், அவ்வளவுதான்.

ஆசிரியர் எங்கே வாழ்கிறார் என்பதும் முக்கியம். 1977 முதல் அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்கும் வரை தோட்டப் பள்ளிக்கூடம் துரையின் கையில் இருந்தது. ஒரு கட்டடம், ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று யாரும் ஆசைப்படமாட்டோம். ஆனாலும் அந்த வாத்தியார் தோட்டத்திலேயே இருந்தார். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவருக்குத் தெரியும். இன்று இரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடும் ஆசிரியருக்கு லயம் என்பது ஜன்னலுக்கு வெளியே தெரிகிற ஒரு தகரக் கூரை. 2015இல் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் மலையக இளைஞர் யுவதிகளை ஆசிரிய உதவியாளர்களாக நியமித்தபோது, அந்தத் தொகை அவமானமானது என்று நாமெல்லாம் பேசினோம். அது உண்மை. ஆனால் அவர்களில் பலர் லயத்தில் பிறந்தவர்கள். 'இடம் அப்படி' என்ற பேச்சு எழும்போது ஆசிரியர் அறையில் நிமிர்ந்து பார்க்கிறவர்கள் அவர்கள்தாம்.

இனி பிரம்பைப் பற்றி. இதில் தாய்மாரோடு எனக்குச் சண்டை உண்டு. "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வருகிறீர்கள். ஏன் சொல்கிறீர்கள் என்று எனக்கு விளங்குகிறது. லயம் பிள்ளையை இழுத்துவிடுமோ என்ற பயம். ஆனால் இரவில் குடித்துவிட்டு வந்த தகப்பனிடம் அடிவாங்கிய பையன், காலையில் பாடசாலையிலும் அடிவாங்கினால், அவனுக்கு இரண்டு இடமும் ஒன்றாகிவிடுகிறது. பெரியவர்கள் கோபம் வந்தால் அடிப்பார்கள் என்பதை வீட்டில் படித்தான். பாடசாலை அதை உறுதிப்படுத்துகிறது. கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்திருக்கிறது. ஆகவே ஆசிரியருக்கு அந்த அனுமதியைக் கொடுக்கும் அதிகாரம் தாய்க்கும் இல்லை.

அதேபோல, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை விரட்டிவிட அதிபருக்கும் மனம்போன அதிகாரம் இல்லை. கட்டாயக் கல்வி வயது 2016 முதல் 16. 'நாளையிலிருந்து வராதே' என்று பதினான்கு வயதுப் பையனிடம் வாய்ப்பேச்சாகச் சொல்லி, அவனே விலகிவிட்டதாகப் பதிவதை நான் கண்டிருக்கிறேன். அடுத்த மாதம் அவன் கொழும்பில் ஒரு கடையில் நிற்பான். பெண் பிள்ளையானால் யாரோ ஒருவர் வீட்டில். அப்படி உங்கள் பிள்ளைக்குச் சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். அநேகமாகத் தரமாட்டார்கள், பிள்ளையும் உள்ளே இருப்பான்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தாய்மார் வருவதில்லை என்பது எங்கும் கேட்கும் குறை. வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் எப்படி வருவது? வந்தால் அன்றைய பேர் விழாது. நான் போகும் ஒரு பாடசாலையில் இப்போது கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியிருக்கிறார்கள். முதல் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். பணிய லயத்திலிருந்து ஒன்பது பேர். அங்கே எடுத்த முடிவு ஒன்றுதான்: ஒன்றரை மணியிலிருந்து நான்கு மணிவரை ஒரு வகுப்பறையைத் திறந்து வைப்பது. சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சிறு தொகையைச் சங்கம் கொடுக்கிறது. அது சரியாகக் கிடைக்கிறதா என்று நான் மாதந்தோறும் கேட்கிறேன். கசிப்பு நிற்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் சும்மா திரியும் புத்தகப் பைகள் குறைந்திருக்கின்றன.

உங்கள் பாடசாலையிலும் இப்படி ஒன்றைத் தொடங்க விரும்பினால் முதலில் அதிபரிடம் கேளுங்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். அவரைக் கூட்டத்துக்கு அழைக்கலாம். யாராவது உங்கள் பிள்ளையைச் சாராயமோ போதைப்பொருளோ கொண்டுபோகப் பயன்படுத்தினால், அல்லது வீட்டிலோ பாடசாலையிலோ பிள்ளை துன்புறுத்தப்பட்டால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம். தமிழிலேயே பேசுங்கள்.